தம்பி பைலட் ஆகணும், லோன்ல கையெழுத்து உங்களோடது: எந்த காக்பிட் லாபம்?

மரக்காணத்துல இருந்து ஒரு நண்பர் கேட்டிருந்தார். அப்பாவுக்கு உப்பள வேலை, மழை சீசன் வந்தா வருமானம் நின்னுடும். தம்பிக்கு பைலட் ஆகணும். லோன் எடுத்தா இஎம்ஐ இவர் சம்பளத்துலதான். ஒரு ஸ்கூல்ல பழைய அனலாக் விமானம், இன்னொண்ணுல டிஜிட்டல். டிஜிட்டலுக்கு ரேட் அதிகம். எதுல சேர்க்கலாம்?

அனலாக்னா வேகம், உயரம், திசை காட்டுற ஆறு முக்கிய வட்ட மீட்டர்கள். செஸ்னா 152 மாதிரி. டிஜிட்டல்னா எல்லாமே ரெண்டு பெரிய ஸ்க்ரீன்ல. கார்மின் ஜி1000 இதுல பிரபலம்.

கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு டிஜிசிஏ கேட்பது 200 மணி நேரம் பறந்த அனுபவம். இப்போ கணக்கு போடுவோம். மணிக்கு 2,000 ரூபாய் வித்தியாசம்னு வெச்சுக்குங்க. 200 மணிக்கு 4 லட்சம். 11% வட்டியில 10 வருஷ லோன்னா, இந்த வித்தியாசத்துக்கு மட்டும் மாசம் சுமார் 5,500 ரூபாய். கடைசியில நீங்க கட்டுறது 6.6 லட்சம்!

ஆனா வேலைக்குப் போனா ஓட்டப்போற ஏர்பஸ் ஏ320-ல எல்லாம் ஸ்க்ரீன்தானே? உண்மைதான். அதுக்காக 200 மணி நேரமும் ஸ்க்ரீன்லயே பறக்கணும்னு இல்லை. 150 மணி அனலாக், 50 மணி டிஜிட்டல்னு பிரிச்சா, கூடுதல் செலவு 1 லட்சத்தோட முடியும். மீட்டர்களை மாறி மாறிப் பார்த்து விமானத்தின் நிலையை மனசுல கட்டுற பழக்கமும் வரும்.

டிஜிட்டல்னாலே பாதுகாப்பும் இல்லை. அமெரிக்காவின் என்டிஎஸ்பி 2010-ல வெளியிட்ட ஆய்வுல, டிஜிட்டல் காக்பிட் உள்ள சிறிய விமானங்களில் மொத்த விபத்து விகிதம் குறைவு. ஆனா உயிர் போன விபத்துகளின் விகிதம் அதிகம். அந்தக் கருவிக்கேத்த பயிற்சி அவசியம்னு அது சொன்னது.

கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க:

1. எத்தனை மாணவர்களுக்கு எத்தனை விமானம் இப்போ பறக்கும் நிலையில இருக்கு?
2. எரிபொருள், சிமுலேட்டர், ஹாஸ்டல் எல்லாம் ரேட்டுல அடக்கமா?
3. முழுப் பணத்தையும் முன்னாடியே கட்டணுமா, பறக்கப் பறக்க கட்டலாமா?

முதல் கேள்விதான் முக்கியம். விமானம் ஷெட்ல நின்னாலும் வட்டி நிக்காது. 200 மணி நேரம் முடிய ஒரு வருஷம் தள்ளிப் போனா, நீங்க மிச்சம் பிடிச்சதெல்லாம் அதுலயே போயிடும்.

நண்பருக்கு நான் சொன்னது இதுதான்: ஸ்க்ரீனைப் பார்க்காதீங்க, தினமும் எத்தனை விமானம் மேல போகுதுன்னு நேர்ல போய் எண்ணிப் பாருங்க.