புகை தெரியாத புகைபோக்கி

எட்டாம் வகுப்பில் நிலைமின்னியல் நடத்திக்கொண்டிருந்தேன். தலையில் தேய்த்த சீப்பு காகிதத் துணுக்குகளை ஈர்த்ததும் வகுப்பே ஆரவாரித்தது. அப்போது ஒரு மாணவி எழுந்து, "சார், அனல் மின் நிலையத்துல தினமும் அவ்வளவு நிலக்கரி எரியுது. ஆனா கரும்புகையே வரலையே, ஏன்?" என்றாள். "புகையைச் சுத்தம் செய்துதான் வெளியே விடுகிறார்கள்" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அன்று மாலை படித்தபோதுதான் என் பதில் பாதி உண்மை என்று புரிந்தது.

நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். 100 கிலோ எரித்தால் பெரும்பாலும் 30 கிலோவுக்கு மேல் சாம்பல் மிஞ்சும். அதில் பெரும்பகுதி மாவுபோல் நுண்ணிய துகள்களாகப் புகையோடு பறக்கும். அதைப் பிடிக்கும் கருவிதான் நிலைமின் வீழ்படிவாக்கி.

பெரிய அறை ஒன்றில் இரும்புத் தகடுகள் வரிசையாக நிற்கும். அவற்றுக்கிடையே கம்பிகள் தொங்கும். கம்பிகளுக்குப் பல்லாயிரம் வோல்ட் எதிர் மின்னழுத்தம் தரப்படும். தகடுகள் புவியுடன் இணைக்கப்பட்டிருக்கும். கம்பிகளைச் சுற்றி நிகழும் மின்னிறக்கத்தில் எலக்ட்ரான்கள் வெளிப்பட்டு வாயு மூலக்கூறுகளை எதிர் அயனிகளாக்கும். அந்த அயனிகள் சாம்பல் துகள்களில் ஒட்டிக்கொள்ளும். மின்னூட்டம் பெற்ற துகள்கள் தகடுகளுக்கு இழுக்கப்பட்டுப் படியும். சுத்தியல்கள் அவ்வப்போது தகடுகளைத் தட்ட, சாம்பல் கீழே உள்ள தொட்டியில் விழும். நன்கு இயங்கும் கருவி 99 விழுக்காட்டுக்கு மேல் துகள்களைப் பிடித்துவிடும். அந்தச் சாம்பல் சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் பயன்படுகிறது.

1880களில் ஆலிவர் லாட்ஜ் பிரிட்டனில் ஓர் ஈய ஆலையில் இம்முறையை முயன்றார். அன்றைய மின்னாக்கிகள் போதவில்லை. கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிரெடரிக் காட்ரெல் கந்தக அமில மூடுபனியைப் பிடிக்க இதைச் செம்மைப்படுத்தி, 1908-இல் காப்புரிமை பெற்றார். காப்புரிமை வருவாய் அறிவியல் ஆய்வுகளுக்கே உதவ வேண்டும் என 1912-இல் ஓர் அறக்கட்டளையையும் நிறுவினார்.

சரி, என் பதிலில் விடுபட்ட பாதி எது? இக்கருவி துகள்களையும் நீர்மத் துளிகளையும் மட்டுமே பிடிக்கும். சல்பர் டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், கார்பன் டை ஆக்சைடு ஆகிய வாயுக்கள் தப்பிப் போய்விடும். சல்பர் டை ஆக்சைடை நீக்கச் சுண்ணாம்புக்கல் கலந்த நீரைப் புகையில் தெளிக்கும் தனி அமைப்பு வேண்டும். கரும்புகை வரவில்லை என்பதால் காற்று தூயது என்று சொல்லிவிட முடியாது.

மறுநாள் வகுப்பில், "நேற்று நான் சொன்னது பாதிப் பதில்" என்று தொடங்கினேன். கம்பளித் துணியில் தேய்த்த பிளாஸ்டிக் அளவுகோலை அடுப்புச் சாம்பலுக்கு மேலே பிடித்தோம். சாம்பல் எழும்பி ஒட்டியது. இங்கே அளவுகோலுக்குத்தான் மின்னூட்டம். ஆலையிலோ சாம்பலுக்கே மின்னூட்டம் தரப்படுகிறது. இந்த வேறுபாட்டை மாணவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது. பிறகு ஊதுவத்தியை ஏற்றி, புகை கலைந்த பின் கேட்டேன்: "இப்போ புகை தெரியுதா?" "இல்ல சார்." "வாசனை?"

கேள்வி கேட்ட மாணவிதான் முதலில் சொன்னாள்: "இன்னும் இருக்கு சார்."