தண்டாய்க் குவளையும் வண்டிச் சாவியும்



வட இந்திய நகரங்களுக்குப் பிழைப்புத் தேடி வந்த நம் குடும்பங்களில் ஓட்டுநர் வேலை செய்யும் வாலிபர் அநேகர். அவர்களையும், இரவில் அவர்கள் வருகைக்காக வாசலைப் பார்த்திருப்போரையும் மனதிற்கொண்டு இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஹோலிப் பண்டிகையன்று, எங்கள் சபையின் வாலிபர் ஒருவர் முதலாளி வீட்டில் கொடுத்த தண்டாயை வாங்கி அருந்தினார். பாலும் பாதாமும் சோம்பும் சேர்ந்த இனிப்புப் பானம். மதுவைத் தொடாதவர் அவர்; அதில் பாங்கு அரைத்துக் கலந்திருந்ததை அறியவில்லை. முக்கால் மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. பின்பு மேம்பாலத்தில் கார் ஓட்டுகையில், முன்னே செல்லும் லாரி கிட்டத்தில் இருக்கிறதா, எட்டத்தில் இருக்கிறதா என்று கணிக்க முடியாமற்போயிற்று. பிரேக்கை மிதிக்க நினைத்ததற்கும் மிதித்ததற்கும் இடையே நெடுநேரம் கழிந்ததுபோல் இருந்ததாம். ஓரமாக நிறுத்திவிட்டு என்னைத் தொலைபேசியில் அழைத்தார். குரலே அவருடையதாக இல்லை.

அந்த முக்கால் மணி நேரத்தைக் கவனியுங்கள். புகைத்த கஞ்சா சில நிமிடங்களில் தலைக்கேறும். உண்ட அல்லது குடித்த பாங்கோ, அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஒளிந்திருந்து, பின்பு ஆறு மணி நேரமும் அதற்கு மேலும் நீடிக்கும். ‘ஒன்றும் செய்யவில்லையே’ என்று இரண்டாம் குவளையை வாங்குவதும், சாவியை எடுப்பதும் இந்த இடைவெளியில்தான். காப்பியும் எலுமிச்சைச் சாறும் குளிர்ந்த நீரும் அதை முறிப்பதில்லை. கஞ்சா அடித்தவன் மெதுவாக ஓட்டுவான், ஆபத்தில்லை என்பாரும் உண்டு. மெதுவாக ஓட்டுபவனும் தடம் விட்டு விலகுகிறான். திடீரெனக் குழந்தை குறுக்கே வந்தால் அவன் கால் தாமதிக்கிறது. மதுவும் சேர்ந்தால் கேடு பெருகும்.

“அரசாங்க உரிமம் பெற்ற கடையிலேயே பாங்கு விற்கிறார்களே, ஐயா?” என்று வாலிபர் கேட்பதுண்டு. மெய்தான். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடைச் சட்டம் செடியின் பூக்கும் நுனியையே கஞ்சா என்கிறது. தனி இலையை விட்டுவிடுகிறது. ஆகவே உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்களில் பாங்குக் கடைகள் உண்டு. ஆனால் விற்க உரிமம் இருப்பது, குடித்துவிட்டு ஓட்ட உரிமம் ஆகாது. மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவு, மதுவோடு பிற போதைப் பொருள்களையும் சேர்த்தே பேசுகிறது.

ஊதிப் பார்க்கும் கருவி மதுவை மட்டுமே காட்டும் என்பது நம் பிள்ளைகளுக்கு நன்றாய்த் தெரிந்திருக்கிறது! மதுவுக்கு 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் என்று அளவு உண்டு. மற்றப் போதைக்கு அந்தப் பிரிவில் அளவே இல்லை. வண்டியைக் கட்டுப்படுத்த இயலாத நிலையில் இருந்தானா என்பதே கேள்வி. இரத்தப் பரிசோதனைக்கு மறுத்தால், அந்த மறுப்பே அவனுக்கு எதிரான சாட்சியை வலுப்படுத்தும்.

2019 செப்டம்பர் முதல், முதற்குற்றத்திற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் அகப்பட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, 15,000 ரூபாய். இக்குற்றத்திற்கு உடந்தையாயிருப்பவருக்கும் அதே தண்டனை என்கிறது 188-ஆம் பிரிவு. தண்டாய் ஊற்றிக் கொடுத்து வண்டியையும் எடுக்கச் சொல்லும் முதலாளிமார் இதை வாசிப்பார்களோ என்னவோ. கவனக்குறைவால் உயிர் போனால், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின்படி ஐந்து ஆண்டு வரை சிறை. போதையில் ஓட்டியவரின் சொந்த வண்டிச் சேதத்திற்குக் காப்பீடும் கைகொடாது.

கஞ்சாவாயின் வழக்கு வேறு: உட்கொண்டதற்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு, கடத்திய வண்டி பறிமுதலாகலாம். பழக்கத்துக்கு அடிமைப்பட்டுத் தானாகச் சிகிச்சைக்கு முன்வருபவருக்கு, சிறு அளவுக் குற்றங்களில் வழக்கிலிருந்து விலக்குப் பெற 64ஏ பிரிவு வழி வைத்திருக்கிறது. பிள்ளையை ஒளித்துவைக்கும் பெற்றோர் இதை அறிந்திருப்பது நல்லது.

அந்த வாலிபர் மறு ஆண்டும் ஹோலியன்று வேலைக்குப் போனார். புளிச்சோறும் தண்ணீரும் வீட்டிலிருந்தே கொண்டுபோனார்.