உங்களுக்குத் தெரியுமா? பொத்தான் போடவும் பயிற்சி வேண்டும்

ஆட்டிசம் என்றதும் பேச்சும் பழகும் விதமும்தான் நினைவுக்கு வரும். கை, கால் அசைவை அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஆனால் 1944இலேயே வியன்னா மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர், தாம் பார்த்த சிறுவர்களின் உடலசைவில் இருந்த தடுமாற்றத்தைப் பதிவு செய்தார். 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 11,000க்கும் மேற்பட்ட ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோர் கேள்வித்தாள் நிரப்பினார்கள். ஏறக்குறைய 87 சதவீதக் குழந்தைகளுக்கு இந்த உடலசைவுச் சிக்கல் இருக்கக்கூடும் என்று தெரிந்தது.

பந்து வருவதைக் கண் பார்த்துவிடும்; கை விரிவதற்குள் அது நெஞ்சில் பட்டுவிடும். சட்டைப் பொத்தானுக்கு ஒரு கை துணியைப் பிடிக்க, மறுகை தள்ள வேண்டும். இரண்டும் சேர்ந்து வராமல் பிள்ளை திணறும். அதைச் சோம்பல் என்று திட்டுவது பெரிய அநியாயம். ஆட்டிசத்தை உறுதிசெய்ய இந்தத் தடுமாற்றம் கட்டாய அளவுகோல் இல்லை என்பதால், பல நேரம் சோதிக்காமலே விட்டுவிடுகிறார்கள். அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம் காட்டி, இதையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.