டிசைன் பண்ணும்போது ஃபைல் மாறிப்போகுதா? ‘கன்ட்ரோல் + டேப்’ தெரிஞ்சா போதும்!

காயல்பட்டினத்தில் ஒரு நிகாஹ் அழைப்பிதழ் டிசைன் செய்கிறவரின் ஸ்க்ரீனை எட்டிப் பார்த்தால், ஒரே ஒரு ஃபைல் திறந்திருக்க வாய்ப்பே இல்லை. மாடலுக்காகப் போன மாதக் கார்டு, இப்போது செய்கிற கார்டு, வாட்ஸ்அப்பில் வந்த கையெழுத்து மேட்டரின் போட்டோ, கார்டின் உச்சியில் வரும் அரபி எழுத்துக்கென்று தனி ஃபைல். நாலு வந்துவிட்டது.

இதற்கு நடுவே பலரும் அழுத்துவது ‘ஆல்ட் + டேப்’. அது ஒரு சாப்ட்வேரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்கானது. ஃபோட்டோஷாப்பிலிருந்து வாட்ஸ்அப்புக்குப் போகலாம். ஃபோட்டோஷாப்புக்குள்ளேயே அடுத்த ஃபைலுக்குப் போக முடியாது. அதற்குத்தான் ‘கன்ட்ரோல் + டேப்’. கூடவே ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்தினால் முந்தைய ஃபைலுக்குத் திரும்பலாம். மேக் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அங்கேயும் கமாண்ட் இல்லை, கன்ட்ரோல் கீதான்.

இன்டிசைனில் கதை கொஞ்சம் வேறு. எஸ்கேப் கீக்குக் கீழே, 1 என்ற எண்ணுக்கு இடப்பக்கம் ஒரு கீ இருக்கிறதே, அதை கன்ட்ரோலோடு அழுத்த வேண்டும் (மேக்கில் கமாண்டோடு). பிரவுசரில் கேன்வா பயன்படுத்துகிறவர்களுக்கு, குரோமில் ‘கன்ட்ரோல் + 1’, ‘கன்ட்ரோல் + 2’ என்று அழுத்தினால் நேராக அந்த எண்ணுள்ள டேபுக்கே போய்விடலாம்.

அழுத்தியும் ஃபைல் மாறவில்லையா? டெக்ஸ்ட் டைப் செய்துகொண்டே பாதியில் விட்டிருப்பீர்கள். ஃபோட்டோஷாப்பில் ‘கன்ட்ரோல் + என்டர்’ கொடுத்து அதை முடித்துவிட்டு மறுபடி முயற்சி செய்யுங்கள்.

இதில் நமக்குப் பிடித்தது இந்த காம்போ: பழைய கார்டில் அரபி லேயரை ‘கன்ட்ரோல் + சி’, பிறகு ‘கன்ட்ரோல் + டேப்’, அப்புறம் ‘கன்ட்ரோல் + ஷிஃப்ட் + வி’. இரண்டு கார்டும் ஒரே சைஸ் என்றால், அதே இடத்தில் அச்சு அசலாக உட்காரும். இழுத்து இழுத்து சென்டர் பார்க்கிற வேலை மிச்சம்.

தமிழ் மேட்டரில் மட்டும் உஷார். பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்ததை வெறும் டெக்ஸ்ட்டாக வேறு ஃபைலில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். பயப்பட வேண்டாம், அதே ஃபான்ட்டைப் போட்டால் தமிழ் திரும்பிவிடும்.

ஆனால் வேகமாக மாறும்போது எந்தக் கார்டில் நிற்கிறோம் என்பதே மறந்துபோகும். இரண்டு கார்டும் பார்க்க ஒரே மாதிரி. முகம்மது, ஃபாத்திமா போன்ற பெயர்களும் வீட்டுக்கு வீடு உண்டு. பெயரை மாற்றியவர் ஹிஜ்ரி தேதியை மாற்றாமல் விடுவது ரொம்ப சுலபம். அதிலும் ஹிஜ்ரி நாள் மஃக்ரிபோடு தொடங்குவதால், மாலை நிகாஹ் என்றால் தேதியை வீட்டாரிடம் கேட்டே போட வேண்டும். தப்பான கார்டு ஹாங்காங், கொழும்பு குடும்ப குரூப்புகளுக்கு ஃபார்வர்டு ஆகிவிட்டால் திரும்ப வாங்க வழியில்லை.

அதனால் ‘அன்டைட்டில்டு-1’, ‘அன்டைட்டில்டு-2’ என்று விடாமல், தேதியையும் வீட்டுப் பெயரையும் சேர்த்து சேவ் பண்ணுங்கள். மாடல் கார்டின் பெயரில் ‘பழசு’ என்று முதலிலேயே போட்டுவிடுங்கள். ஃபோட்டோஷாப் டேபில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி தெரிந்தால் அந்த ஃபைலில் ஏதோ மாறியிருக்கிறது, இன்னும் சேவ் ஆகவில்லை என்று அர்த்தம். அது ‘பழசு’ டேபில் தெரிந்தால், சேவ் கொடுக்காமல் மூடிவிடுங்கள்.