வளையல் கழன்று விழுகிறதா?

பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பு எலும்பு முறிவு. வீடே அல்லோலகல்லோலப்படுகிறது. எந்த டாக்டர், என்ன செலவு, பிளேட்டா ஸ்குரூவா என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆண்கள் விவாதிக்கிறார்கள். பாட்டி சென்ற மூன்று மாதமாகச் சரியாகச் சாப்பிட்டாளா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்! உடம்பில் சத்து இல்லாவிட்டால் எவ்வளவு கெட்டிக்கார டாக்டர் ஆபரேஷன் செய்தாலும் தையல் போட்ட இடம் ஆறத் தாமதமாகும், சீழ் பிடிக்கலாம், படுக்கைப் புண் வரலாம். எலும்பு கூடினாலும் எழுந்து நிற்கக் காலில் சதை வேண்டாமா?

இரத்தத்தில் ஆல்புமின் 100 மில்லிக்கு 3.5 கிராமுக்குக் கீழே போனால் சத்துக் குறைவு என்று வெகு காலம் கணக்கிட்டு வந்தார்கள். ஆனால் அடிபட்ட அதிர்ச்சியிலேயே ஆல்புமின் இறங்கிவிடும். அதனால் அதை மட்டும் நம்பாமல், எடை குறைந்ததா, சாப்பாடு குறைந்ததா என்று விசாரிக்கிறார்கள். எடை மிஷினில் நிற்க முடியாதவர்களுக்குக் கெண்டைக்காலை டேப்பால் அளப்பதுண்டு. 31 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கவனிக்க வேண்டும். நமக்கு டேப்கூட வேண்டாம். வளையல் தானாகக் கழல்கிறது, ரவிக்கையைப் பிடித்துத் தைக்க வேண்டியிருக்கிறது - இதெல்லாம் வீட்டுப் பெண்களுக்குத்தானே தெரியும்? டாக்டரிடம் சொல்லுங்கள். பருமனான பாட்டிக்குச் சத்துக் குறைவே இருக்காது என்றும் எண்ணிவிடாதீர்கள்.

பிரிட்டனில் கார்டிஃப் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், இடுப்பு முறிந்த 302 வயோதிகப் பெண்களை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஒரு பாதியினருக்கு வழக்கமான கவனிப்பு. மறு பாதியினருக்குக் கூடுதலாக ஓர் உதவிப் பெண். என்ன பிடிக்கும் என்று கேட்டு, பக்கத்தில் இருந்து, சாப்பிட வைப்பதுதான் அவள் வேலை. 2006-ல் முடிவு வெளியாயிற்று. நான்கு மாதத்துக்குள் வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் 100-க்கு சுமார் 23 பேர் இறந்திருந்தார்கள். மற்றவர்களில் 13 பேர்தான். புது மருந்து ஏதுமில்லை, பக்கத்தில் ஓர் ஆள்!

நம் வீடுகளில் ஆளுக்குப் பஞ்சமில்லை. பத்தியம்தான் தொல்லை. "ஆபரேஷன் ஆன உடம்பு" என்று கஞ்சியும் ரசம் சாதமும் கொடுத்தே வாரங்களை ஓட்டிவிடுகிறோம். 50 கிலோ எடையுள்ள பாட்டிக்குத் தினம் சுமார் 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம். ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். ரசத்தில் எங்கிருந்து வரும்? பருப்பு, தயிர், பனீர், குழைய வேகவைத்த சுண்டல், சாப்பிடுகிறவர்களுக்கு மீன், முட்டை என்று சிறிது சிறிதாக ஆறு வேளை கொடுக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் டாக்டரைக் கேட்டுத்தான்.

இன்னொன்று: ஆஸ்பத்திரிக்குப் புறப்படும் அவசரத்தில் பாட்டியின் பல்செட்டை அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள்.