ரிலே: மின்சாரத்தின் தொடரோட்டம்

நுழையுமுன்

தில்லியிலிருந்து சென்னைக்குச் செல்லும் தமிழ்நாடு விரைவுவண்டி ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் ஓடுகிறது. விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்லும்போது இவ்வண்டியிலோ இதுபோன்ற வேறொன்றிலோ நீங்களும் பயணம் செய்திருப்பீர்கள். இரவில் நாம் உறங்குகிறோம். ஓட்டுநரோ கைகாட்டி விளக்குகளை நம்பி வண்டியைச் செலுத்துகிறார். முன்னால் உள்ள பாதையில் வேறு வண்டி நிற்கிறதா என்பதை அவ்விளக்குகள் எவ்வாறு அறிகின்றன? இவ்வினாவிற்கு விடை காண, ரிலே என்னும் சிறு கருவியைப் பற்றி முதலில் அறிவோம்.

ரிலேயின் அமைப்பு

ரிலே என்பது மின்சாரத்தால் இயங்கும் ஒரு சுவிட்சு. நாம் விரலால் அழுத்தும் சுவிட்சின் வேலையை இதில் மின்காந்தம் செய்கிறது.

தேனிரும்புத் துண்டொன்றின் மீது மெல்லிய செம்புக்கம்பி பல சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கும். இக்கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாயும்போது தேனிரும்பு காந்தமாகிறது; எதிரே உள்ள இரும்புப் புயத்தைத் 'டக்' என்ற ஒலியுடன் இழுக்கிறது. மின்னோட்டம் நின்றவுடன் காந்தத்தன்மை நீங்குகிறது. சுருள்வில் அப்புயத்தைப் பழைய இடத்திற்கே கொண்டுவருகிறது.

புயத்தின் அசைவால் தொடுமுனைகள் சேர்கின்றன அல்லது பிரிகின்றன. கம்பிச்சுருளில் மின்னோட்டம் இல்லாதபோது பிரிந்திருப்பது 'இயல்பாகத் திறந்த தொடுமுனை' எனப்படும். அப்போது சேர்ந்திருப்பது 'இயல்பாக மூடிய தொடுமுனை' எனப்படும். இவ்விரண்டின் வேறுபாட்டை மனத்தில் நன்கு பதித்துக்கொள்ளுங்கள். பாடத்தின் இறுதியில் இது பெரிதும் உதவும்.

பெயர்க்காரணம்

தொடரோட்டப் போட்டியில் களைத்த வீரர் தம் கையிலுள்ள கோலை அடுத்த வீரரிடம் கொடுக்கிறார். அவர் புத்துணர்ச்சியோடு ஓடுகிறார். தந்தியிலும் இதுவே நிகழ்ந்தது. நெடுந்தொலைவு கம்பியில் பயணம் செய்த மின்னோட்டம் வலுவிழந்துவிடும். அந்த மெலிந்த மின்னோட்டத்தால் தந்திக்கருவியை நேரே இயக்க இயலாது. ஆனால், ஒரு ரிலேயின் புயத்தை அசைக்க அதுவே போதும். அப்புயம் அங்குள்ள புதிய மின்கல அடுக்கின் சுற்றை மூடும். செய்தி புதிய வலிமையுடன் மேலே செல்லும். ஜோசப் ஹென்றி என்னும் அமெரிக்க அறிவியலறிஞர் 1835ஆம் ஆண்டில் இத்தகைய அமைப்பை இயக்கிக் காட்டினார்.

எங்கே பயன்படுத்த வேண்டும்?

முதலாவதாக, சிறு மின்னோட்டத்தால் பெரு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டிய இடத்தில் ரிலே தேவை. மகிழுந்தின் முகப்பு விளக்குகளை எடுத்துக்கொள்வோம். 60 வாட் விளக்குகள் இரண்டும் 12 வோல்ட்டில் எரிய 10 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். அதனை ஓட்டுநரின் கையருகே உள்ள சிறு சுவிட்சு வரை கொண்டுவந்தால் தடித்த கம்பிகள் தேவைப்படும். சுவிட்சும் விரைவில் தேயும். ரிலேயின் கம்பிச்சுருளுக்கோ கால் ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டமே போதும். எனவே சுவிட்சு ரிலேயை இயக்குகிறது. ரிலே விளக்குகளை எரியச் செய்கிறது.

இரண்டாவதாக, இரு மின்சுற்றுகள் ஒன்றையொன்று தொடாமல் இருக்க வேண்டிய இடத்தில் ரிலே தேவை. அடுக்குமாடிக் குடியிருப்பின் நீர்த்தொட்டியில் நீர்மட்டம் காட்டும் உணர்வி 12 வோல்ட்டில் இயங்கலாம். கீழேயுள்ள நீரேற்றி 230 வோல்ட்டில் இயங்குகிறது. ரிலேயில் கம்பிச்சுருளுக்கும் தொடுமுனைக்கும் இடையே மின்தொடர்பு இல்லை. காந்தவிசை மட்டுமே உண்டு. ஆகவே நீரருகே உள்ள கம்பியை 230 வோல்ட் சென்றடையாது.

மூன்றாவதாக, ஒரே கட்டளையால் பல சுற்றுகளை ஒருங்கே மாற்ற வேண்டிய இடத்தில் ரிலே தேவை. ஒரு புயத்தோடு பல தொடுமுனைகளை இணைக்க இயலும்.

எங்கே தவிர்க்க வேண்டும்?

ஓர் அறையின் விளக்கை எரிக்கச் சாதாரண சுவிட்சே போதும். அங்கு ரிலே வீண்செலவு. நொடிக்கு ஆயிரம் முறை சுற்றைத் திறந்து மூட வேண்டுமாயின், அசையும் புயம் அவ்வேகத்திற்கு ஈடுகொடுக்காது. அங்கு டிரான்சிஸ்டரே ஏற்றது. தொடுமுனை தாங்கும் அளவை மீறி மின்னோட்டம் பாய்ந்தால் முனைகள் சூடேறி உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு கம்பிச்சுருளில் மின்னோட்டத்தை நிறுத்தினாலும் சுற்று திறக்காது. ஆகவே ரிலேயின் மேல் அச்சிடப்பட்டுள்ள வோல்ட், ஆம்பியர் அளவுகளைப் படித்த பின்னரே அதனைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கம்பிச்சுருளின் மின்னோட்டத்தைத் திடீரென நிறுத்தும்போது அதில் உயர்ந்த மின்னழுத்தம் ஒருகணம் தோன்றும். அது டிரான்சிஸ்டரைப் பழுதாக்கும். இதனைத் தடுக்க, நேர்மின்னோட்டத்தில் இயங்கும் கம்பிச்சுருளின் இரு முனைகளுக்கு இடையே ஒரு டையோடை இணைப்பது வழக்கம்.

ஓய்வு நிலையில் பாதுகாப்பு

இப்போது இருப்புப்பாதைக்குத் திரும்புவோம். பாதை பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, பகுதிகளுக்கு இடையே மின்கடத்தாப் பொருள் வைக்கப்படுகிறது. ஒரு பகுதியின் ஒரு முனையில் சிறு மின்கல அடுக்கு, மறுமுனையில் ரிலே. மின்னோட்டம் ஒரு தண்டவாளத்தின் வழியே சென்று, ரிலேயின் கம்பிச்சுருளைக் கடந்து, மற்றொரு தண்டவாளத்தின் வழியே திரும்புகிறது. புயம் இழுக்கப்பட்டிருக்கும் அந்நிலையில்தான் பச்சை விளக்கு எரிய இயலும்.

வண்டி அப்பகுதியில் நுழைந்தவுடன் அதன் இரும்புச் சக்கரங்களும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிடுகின்றன. மின்னோட்டம் அந்த எளிய வழியிலேயே பாய்வதால் ரிலேக்கு வேண்டிய அளவு கிடைப்பதில்லை. புயம் விழுகிறது, சிவப்பு விளக்கு எரிகிறது. இம்முறைக்கு வில்லியம் ராபின்சன் என்பவர் 1872ஆம் ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்.

வண்டி வரும்போது ரிலே இயங்குமாறு அமைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவ்வாறு அமைத்திருந்தால், ஒரு கம்பி அறுந்த நாளில் என்ன ஆகும்? வண்டி நின்றாலும் ரிலே அசையாது. பச்சை விளக்கே எரியும். பின்னால் வரும் வண்டி மோதிவிடும். ராபின்சன் அமைப்பிலோ கம்பி அறுந்தாலும், மின்கலம் தீர்ந்தாலும், தண்டவாளம் முறிந்து மின்பாதை துண்டிக்கப்பட்டாலும் புயம் விழும்; சிவப்பே தோன்றும். வண்டி காத்திருக்க நேரலாம்; ஆனால் உயிர்கள் பிழைக்கும்.

இன்று பல இடங்களில் அச்சுகளை எண்ணும் கருவிகளும் கணினிகளும் இப்பணியில் உதவுகின்றன. எனினும், பழுது நேர்ந்தால் சிவப்பே தோன்ற வேண்டும் என்னும் நெறி மாறவில்லை.

ஆகவே ஒரு மின்சுற்றை அமைக்கும்போது, 'மின்சாரம் இருக்கையில் இது என்ன செய்யும்?' என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். 'மின்சாரம் நின்றுபோனால் இது எந்நிலையில் நிற்கும்?' என்றும் கேளுங்கள். அடுத்த முறை உங்கள் வண்டி நடுவழியில் சிவப்பு விளக்கின் முன் நின்றால், இக்கேள்வியை நினைவுகூருங்கள்.

எச்சரிக்கை: வீட்டு மின்னிணைப்பில் சோதனை செய்தல் கூடாது. ஆசிரியர் முன்னிலையில் சிறு மின்கலங்களைக் கொண்டே செய்து பார்க்க வேண்டும்.

சொற்பொருள்

தேனிரும்பு – எளிதில் காந்தமாகி, எளிதில் காந்தத்தன்மையை இழக்கும் இரும்பு
தொடுமுனை – மின்சுற்றை இணைக்கும் அல்லது பிரிக்கும் உலோக முனை
உணர்வி – சூழலின் மாற்றத்தை அறிந்து தெரிவிக்கும் கருவி
கைகாட்டி – இருப்புப்பாதையில் வண்டிக்கு வழி உண்டா என்று காட்டும் அமைப்பு

விடை எழுதுக

1. தொடரோட்டத்திற்கும் ரிலேக்கும் உள்ள ஒற்றுமை யாது?
2. நீர்த்தொட்டியின் உணர்வியை நீரேற்றியோடு நேரே இணைக்காதது ஏன்?
3. வண்டி இல்லாதபோது இருப்புப்பாதை ரிலேயில் மின்னோட்டம் பாய்வது ஏன் நன்று?
4. உணர்வியின் கம்பி அறுந்தால் நீரேற்றி நிற்க வேண்டுமா, தொடர்ந்து ஓட வேண்டுமா? இயல்பாகத் திறந்த தொடுமுனை, இயல்பாக மூடிய தொடுமுனை ஆகியவற்றுள் எதனைத் தேர்ந்தெடுப்பீர்கள்? காரணம் கூறுக.