பெருஞ்சீரகத்தை முழுதாக வாங்குவீர்

ஆட்டிறைச்சிக் குழம்பு கொதிக்கும் வீட்டைக் கடந்து செல்வோர், உள்ளே என்ன சமையல் என்பதை மணத்தைக் கொண்டே அறிந்துகொள்வர். அம்மணத்தில் பெரும்பங்கு பெருஞ்சீரகத்திற்கு, அதாவது சோம்பிற்கு, உரியது. குருமா, மசால் வடை, நண்டுக் குழம்பு ஆகியவற்றிற்கும் அது வேண்டும். காஷ்மீரத்தார் அதன் தூளைச் சுக்குத்தூளுடன் சேர்த்து இறைச்சி சமைக்கின்றனர். வங்காளியரோ முழு விதையை வேறு நான்கு விதைகளுடன் கலந்து தாளிக்கின்றனர்.

மணத்திற்குக் காரணம் விதையினுள் அடங்கியுள்ள எண்ணெய். விதை முழுதாக இருக்கும்வரை அது பெரும்பாலும் காக்கப்படும். அரைத்துவிட்டாலோ நாளடைவில் காற்றோடு போய்விடும். எனவே, மலிவாகக் கிடைக்கிறதென்று தூளை மாதக்கணக்கிற்கு வாங்கி அடுக்குவது வீண் செலவாகும். குழம்பு மணக்கவில்லையே என்று மேலும் இரண்டு கரண்டி அள்ளிப்போடும் இல்லங்களும் உண்டு! முழு விதையை இறுக மூடிய போத்தலில் வைத்து, வேண்டியபோது சிறிதளவு இளஞ்சூட்டில் வறுத்துப் பொடித்துக்கொள்வதே சிக்கனம். கருகினால் கசக்கும்.

கடையில் 'ஜிந்தான்' என்று மட்டும் கேட்டால் எது கைக்கு வருமென்று சொல்ல இயலாது. 'ஜிந்தான் மானிஸ்' என்பதே பெருஞ்சீரகம். 'ஜிந்தான் பூத்தே' ரசத்திற்குரிய சீரகம்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். வயிறு உப்பிய கைக்குழந்தைக்குச் சோம்புத் தண்ணீர் புகட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலே போதுமானது, தண்ணீரும் வேண்டியதில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. குழந்தை ஓயாது அழுதால் உடனே மருந்தகத்திற்கு எடுத்துச் செல்லுங்கள்.